பதினேழாம் எண் கோப்பு

கதவுக்கு மஞ்சள் அடித்துவிட்டார்
பதினேழாம் எண் வீட்டு டெரெக் ஸ்ட்ரட்விக்.
அனுமதித்த பச்சைகள் நான்கு,
நீலம் இரண்டு, ஒரு கருஞ்சிவப்பு.
மஞ்சள் பட்டியலில் இல்லை.
கண்டித்துக் கடிதம் எழுதுவது என் வேலை.
எழுதும்முன் கோப்பைப் புரட்டுவது
சம்பளத்தில் சேராத பழக்கம்.

முதல் தாள் 1907.
அதற்கு முன் இங்கே கோதுமை, சேறு, ஒரு மாதா கோயில்.
அப்புறம் காகிதத்தில் வட்டங்கள் வந்தன.
நடுவில் பூங்கா, சுற்றிலும் வீடு,
வீட்டைத் தாண்டி ஆலை, ஆலையைத் தாண்டி வயல்.
புகை ஊருக்குள் புகாதபடி
காற்றின் திசை பார்த்து
ஆலைகளைக் கிழக்கே வைத்தார்கள்.
ஆலையாட்களின் வீடுகளையும் கிழக்கேதான் வைத்தார்கள்.
காற்றைப் பற்றி அவர்களிடம் யாரும் பேசவில்லை.

ஹெப்ஸிபா டிரான்டர் அப்படி வந்தவள்.
லண்டனில் ஒரு கட்டிலை
மூன்று பேரோடு முறைவைத்துத் தூங்கியவள்.
ஊரார் மூச்சுவிடக் கட்டிய ஊரில்
மூச்சை இறுக்கும் கார்செட் தைத்தாள்,
வாரத்துக்கு ஐந்தரை நாள்.
ஆறு கோழி வளர்க்கலாமா என்று கேட்கிறாள்,
கையெழுத்து ஏறி ஏறிப் போகிறது.
கோழிக்குச் சம்மதம், சேவலுக்கு இல்லை.
ஓரத்தில் வேறொரு பேனா:
'சேவல் கூவுகிறது. நடவடிக்கை: அடுத்த மாதம்.'
அடுத்த மாதத் தாளிலும் அதே வரி.
1911 வரை அந்தச் சேவல் கூவியிருக்கிறது.

ஊரின் மதுக்கடையில் மது கிடையாது.
கோக்கோ உண்டு, ஆப்பிள் சாறு உண்டு,
நல்லொழுக்கம் பற்றிய சொற்பொழிவு உண்டு.
அவள் கணவன் ஆல்பெரிக் சனிக்கிழமைகளில்
எல்லை தாண்டி நடந்தான்.
போகும்போது இரண்டு மைல்.
திரும்பும்போது நான்கு.

ஞாயிறுகளில் லண்டன்காரர்கள் ரயிலேறி வந்தார்கள்
வெறும் தலையோடு திரிபவர்களையும்
இறைச்சி தின்னாதவர்களையும் வேடிக்கை பார்க்க.
ஜன்னல் கண்ணாடியில் மூக்குத் தடங்கள், ஒரு புகார்.
டிரான்டர் வீட்டில் அன்று ஆட்டுக்கறி.
ஏமாந்திருப்பார்கள்.

1914. மாடியறையில் ஃபெர்ஹாகன் குடும்பம், ஐவர்,
பெல்ஜியத்திலிருந்து, ஒரு பெட்டியோடு.
1919இல் கிளம்பிவிட்டார்கள்.
சுவரில் பிள்ளைகளின் உயரக்கோடுகள்
பென்சிலில், கடைசிக் கோடு வாசற்கால் அளவுக்கு.
வெள்ளையடிக்கச் சொல்லி ஆணை இருக்கிறது.
அடித்ததாகத் தாள் இல்லை.

பிறகு தடித்த தாள்கள், மெலிந்த தாள்கள்,
இருட்டடிப்புத் திரை, குளியலறை, டிஷ் ஆன்டெனா.
நிலத்தின் மதிப்பு ஏறினால்
ஏற்றம் ஊருக்கே என்றுதான் தொடங்கினார்கள்.
பதினேழாம் எண்ணின் இன்றைய விலையைச் சொன்னால்
ஹெப்ஸிபா கோழிகளோடு மயங்கி விழுவாள்.
நான் இங்கே குடியிருக்கவில்லை.
கட்டுப்படியாகாது.
இரண்டு நிறுத்தம் தள்ளியிருந்து வருகிறேன்
இந்த ஊரின் கதவுகளைக் காக்க.

மதியம் நேரில் போனேன்.
செர்ரி மரத்தில் கறுப்பு அணில் ஒன்று
என்னைப் பார்த்து வாலை உதறியது.
குப்பைத் தொட்டிகள் மூன்றும் சரியான இடத்தில்.
டெரெக் கதவைத் திறந்து
என் முகத்துக்குச் சற்றுப் பக்கத்தில் பார்த்தார்.
"நடுப் பார்வை போய்விட்டது, ஓரம் மட்டும் மிச்சம்.
எல்லாம் ஒரே மாதிரி வீடு, பாருங்கள்.
பத்தொன்பதில் சாவி போட்டுத் திருப்பினேன்,
ஒரு முறை அல்ல, இரண்டு முறை.
இரண்டாம் முறை அந்த அம்மாள் குளித்துக்கொண்டிருந்தாள்.
மஞ்சள் மட்டும் தெரிகிறது."

தேநீர் தந்தார். கோப்பையும் மஞ்சள்.

அலுவலகம் திரும்பிக் கோப்பைத் திறந்தேன்.
ஓரத்தில் எழுதினேன்:
'கதவு மஞ்சள். நடவடிக்கை: அடுத்த மாதம்.'
ஐந்து நாற்பத்திரண்டு ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது.
முன்வேலி நான்கடி ஆறு அங்குலம்,
அனுமதித்ததற்கு ஆறு அங்குலம் கூடுதல்.
அதற்குத் தனியே ஒரு கடிதம் எழுதினேன்.
அது என் வேலை.