வெர் என்று தொடங்கும் இரண்டு சொற்கள்

திரை செத்துவிட்டது என்றுதான் நினைத்தோம்.
மூடியை ஒரு கோணத்தில் பிடித்தால் எரியும்,
யாராவது தும்மினால் அணையும்.
ஆறு மாதம் அந்தக் கோணத்துக்கு
உப்புப் போத்தலை முட்டுக் கொடுத்தோம்.
பிறகு உப்புக்கும் மசியவில்லை.

ஓர் இரவு
வுப்பர்டாலின் தொங்கு ரயில்
எங்கள் குசினி ஜன்னலைக் கடக்கையில்
அதன் வெளிச்சம் சரிந்து திரையில் விழுந்தது.
உள்ளே எல்லாம் இருந்தது.
கோப்புகள், மணிக்கூடு, கேதீஸ் வைத்த கார்ப் படம்,
கிணற்றடியில் கிடக்கும் செம்புபோல மங்கலாய்,
ஆனால் இருந்தது.
படம் சாகவில்லை.
அதன் முதுகுக்குப் பின்னால் எரிகிற விளக்குத்தான்.

அன்றிலிருந்து சைக்கிள் ரோச்.
இடக்கையில் அது, வலக்கையில் மவுஸ்.
உள்ளங்கையளவு வட்டத்தை
வரிவரியாய் நகர்த்தி
வாடகை உதவிப் படிவத்தை நிரப்பினேன்.
பதினொரு பக்கம்.
பெயர் இருட்டில். பிறந்த திகதி இருட்டில்.
குசினியின் சதுர மீற்றர் குத்துமதிப்பில்.
ரோச் மஞ்சளாகிக்கொண்டு வந்தபோது
ஒன்றேகால் மணிக்கு
அனுப்பு என்பதை அமத்தினேன்.

திருத்தலாம் என்ற யோசனை பிறகுதான் வந்தது.
பிணைச்சலுக்குள் நசுங்கிய ஒரு நாடா வயர்,
புதிது ஒன்பது யூரோ.
இறங்கினது இறங்கிவிட்டோம் என்று
எட்டு ஜிபி ராமும் எடுத்தேன்,
ரெம்ஷைட்டில் பழைய கணினி உடைத்து விற்கும் ஒருவரிடம்.
அவர் அதை ஷ்பைஷர் என்றார்.
தானியம் சேமிக்கும் களஞ்சியத்துக்கும் அதே சொல்.
தமிழில் நினைவகமாம்.
அப்படிச் சொன்னால் எங்கள் ஆட்கள்
உடனே ஊர்க்கதை தொடங்கிவிடுவார்கள்.
நான் ராம் என்றே சொல்வேன்.

பதின்மூன்று திருகாணிகளை
இட்டலித் தட்டின் குழிகளில் பிரித்து வைத்திருந்தேன்,
நீளமானவை ஓரத்தில், குட்டையானவை நடுவில்.
இரவு வேலை முடித்துப் படுத்த கேதீஸ்
மத்தியானம் எழும்பி வந்தார்,
கையில் நகரசபைக் கடிதம்.
நின்றபடி இரண்டு தரம் வாசித்தார்.

"நான் எப்பயப்பா செத்தனான்?"

திருமதி ஹோல்ஷர் கையெழுத்திட்டிருந்தார்.
தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்,
கணவரின் மரணச் சான்றிதழைப்
பதினான்கு நாட்களுக்குள் அனுப்பவும்.

பொறுங்கோ, திரை வரட்டும், என்றேன்.
வேறென்ன சொல்ல?
என் வாயில் ஒரு திருகாணி இருந்தது.

வயரைக் கொளுவினேன்.
ராமைச் சரித்துச் செருகி அழுத்த
இரண்டு பக்கமும் டிக் என்றது.
ஆளியைப் போட்டால்
ஒரு நீண்ட கூவல், இரண்டு குட்டைக் கூவல்.
கறுப்பு.
கழற்றினேன். அந்தப் பொன்னிறப் பற்களை
மகளின் அழிறப்பரால் தேய்த்தேன்.
ஊதினேன். இன்னும் ஆழமாய்ச் செருகினேன்.

வெளிச்சம்!
இவ்வளவு வெள்ளையா இது?
விசைகளுக்கிடையே இரண்டு வருடப் பாண்துகள்,
திரையில் கேதீசின் பெருவிரல் ரேகை.
முன்பு தேநீர் ஊற்றிவிட்டு வந்தால்தான் திறக்கும் படிவம்
கேத்தில் கொதிக்க முதலே திறந்தது.

நான்காம் பக்கம், குடும்ப நிலை.
வெர்ஹைராடெட்: மணமானவர்.
அதற்குக் கீழே, ஒரு நூலிடை தள்ளி
வெர்விட்வெட்: துணையை இழந்தவர்.
என் ரோச் வட்டத்துக்குள்
வெர் மட்டும்தான் நின்றிருக்கும்.
மிச்சத்தை நானே நிரப்பியிருக்கிறேன்.

அவர் கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தார்.
இழவுக்கு வந்தவர்போல் முதலில் பேசவில்லை.
பிறகு சிரிப்பு உடைந்து
மேசை ஆடி, தட்டு ஆடி
ஒரு திருகாணி குழி தாண்டி உருண்டு போயிற்று.
இன்றுவரை கிடைக்கவில்லை.
கணினியும் அதைக் கேட்கவில்லை.

திருத்தி அனுப்பினோம்.
காரணம் என்ற பெட்டியில் எழுதினேன்:
கணவர் உயிரோடிருக்கிறார், திரை பழுதாயிருந்தது.

"கண் கூசுது, கொஞ்சம் குறை" என்றார்.

ஒரு படி குறைத்தேன்.
அதற்கு மேல் மாட்டேன்.