பன்னிரண்டு கழித்தல் ஐந்து

நேற்று மதியம் இரண்டு பதினேழுக்குக்
கோடு நின்றுபோனது.
நான்கு ஐந்துக்கு மறுபடி தொடங்கியது.
இடைப்பட்ட நேரத்தில் உலு பாண்டான் கால்வாய்
எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது,
யாருக்கும் தெரியாது.
முந்தாநாளும் அப்படித்தான்.
அதற்கு முந்தின நாள் மப்பு. அன்று ஒன்றும் ஆகவில்லை.

'மோடம் போயிருக்கும், மாற்றிவிடு'
என்று திரு. லோவின் குறுஞ்செய்தி,
குளிரூட்டிய அறையிலிருந்து.

ஹஸ்னா ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.
கம்பத்தில் சாம்பல் நிறப் பெட்டி.
மழை புகக்கூடாதென்று
ரப்பர் பட்டை வைத்து இறுக்கியது.
மழை புகவில்லை.
உள்ளே இருந்த எதுவும் வெளியேறவும் இல்லை.
மூடியைத் திறந்ததும் முகத்தில் அடித்தது
வெயிலில் பூட்டிவைத்த காரின் காற்று.
வெப்பமானியில் அறுபத்தெட்டு.

மூன்று கால், முதுகில் ஒரு தகடு,
கட்டைவிரல் நகத்தளவு சில்லு.
பன்னிரண்டு வோல்ட் வாங்குகிறது,
ஐந்து கொடுக்கிறது.
மிச்ச ஏழைச் சேர்த்துவைக்க இடமில்லை,
திருப்பித் தர வழியில்லை.
எரிக்கிறது.

ஏணிப் படியில் நின்றபடி
கையுறைமேல் கிறுக்கினேன்.
ஏழு வோல்ட், புள்ளி ஆறு ஆம்பியர்:
நான்கு புள்ளி இரண்டு வாட்.
இந்தத் தகட்டுக்கு, வாட்டுக்கு இருபது பாகை.
எண்பத்து நான்கு.
அதன்மேல் பெட்டியின் அறுபத்தெட்டு.
நூற்றைம்பதைத் தாண்டினால்
தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்படிதான்
அதைச் செய்திருக்கிறார்கள்.

"பழுதா?" என்றாள் கீழிருந்து.
"இல்லை. ஓய்வெடுக்கிறது."
"அப்படி ஒன்று எனக்கும் பொருத்திவிடு."

ஏழரை வோல்ட் அடாப்டர் போட்டால் தீர்ந்தது.
ஏழரையை ஆசைப்பட்டுக் கேட்பவள்
நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.
ஆனால் அதற்குப் படிவம்,
மூன்று கடையில் விலைப்புள்ளி, ஆறு வாரம்.

பைக்குள் ஐந்து ஓம் சிமெண்ட் மின்தடை
ஒன்று கிடந்தது, குட்டி வெள்ளைச் செங்கல்லாக.
பெட்டிக்கு வெளியே, நிழல் விழும் பக்கம்
அதை இறுக்கி, முனைகளில் சிலிகான் பூசினேன்.
சில்லின் முதுகில் பழைய பசை
சுண்ணாம்பாய் உதிர்ந்தது.
சுரண்டிவிட்டுப் புதிதாய்த் தடவினேன்.
இனி மூன்று வோல்ட் வெளியே எரியும்,
நான்கு உள்ளே.
வெப்பம் ஒரு பொட்டும் குறையவில்லை.
கூட்டிப் பார்த்தேன், அதே நான்கு புள்ளி இரண்டு.
ஒரு தலையில் இருந்த சுமை
இரண்டு தலையில். அவ்வளவுதான்.

மூடியைத் திருகும்போதே
புக்கிட் தீமா பக்கம் இடித்தது.
ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.
வீவக அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில்
காலணி நனைந்து நின்றபடி கைபேசியைப் பார்த்தோம்:
கால்வாய் பழுப்பாக எழ எழ
கோடும் எழுந்தது.
ஹஸ்னா கைதட்டினாள்.
நான் தட்டவில்லை.
மழையில் எதுதான் சுடும்?
மழை எதையும் நிரூபிக்காது.
பிறந்ததிலிருந்து இந்த ஊர் வெயிலைத் திட்டியவள்
முதன்முறையாக வேண்டிக்கொண்டேன்,
நாளைக்குக் காய வேண்டும் என்று.

காய்ந்தது. நன்றாகவே காய்ந்தது.
கிளமெண்டி கோப்பிக்கடையில்
தே ஓ கோசோங் ஒன்றை வைத்துக்கொண்டு
இரண்டு பதினாறைப் பார்த்தேன்.
பதினேழு.
பதினெட்டு.
இரண்டரை வரை பார்த்தேன்.

'புது மோடம் பரவாயில்லை போல'
என்று வந்தது திரு. லோவின் செய்தி.

பதிலுக்குப் பன்னிரண்டு சொல் தட்டினேன்.
ஐந்துதான் அனுப்பினேன்.
விசிறிக்கு நேரே உட்கார்ந்தும்
காது மடல் சுட்டது.