பதினொருவரில் ஒருவர்

எங்கள் இதழில் விளம்பரம் கிடையாது.
மருந்துக் கம்பெனியின் பெயர் போட்ட பேனாகூட
மேசைமேல் இருக்கக் கூடாது.
போன குளிர்காலத்தில் அப்படி ஒன்றை நெவென்கா
ஜன்னல் வழியே வீசினாள்.
ட்ரியெஸ்தே துறைமுகத்துப் போரா காற்று
அதைத் திருப்பி உள்ளேயே எறிந்தது.
இப்போது தொட்டிச் செடிக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது,
பெயர் மண்ணுக்குள்.

இன்று ஒரு தூக்க மாத்திரை.
ஏழாவது படி. வெளியூர்களில் இருபத்தாறு பேர்
படித்துக் கிழித்துத் திருப்பி அனுப்பியது.
துல்லியோ கண்ணாடியைத் துடைத்து
முதல் வரிக்கு வாயெடுக்கும் முன்
நான் கை தூக்கினேன்.
இதை நான் விழுங்குகிறேன். மார்ச்சிலிருந்து.

யாரும் என்னைப் பார்க்கவில்லை.
குறிப்பேட்டில் எழுதினார்: நாலு பத்து, வெளியே.
அந்த விதியை எழுதியவள் நான்தான்,
ஒன்பது வருடம் முன்பு,
வேறொருவரை மனதில் வைத்து.

தாழ்வாரத்தில் நாற்காலி இல்லை.
கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உதடுகள் அசைகின்றன.
"பலருக்கும் பயன் தருகிறது" என்ற வரியில்
'பலர்' என்பதைப் பிடித்திருப்பார்கள்.
எத்தனை பேர்? எதோடு ஒப்பிட்டு? எத்தனை வாரம்?
ஆய்வுக்கு யார் பணம்?
நான் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த கேள்விகள்
என் வாய் இல்லாமலே
நன்றாகத்தான் ஓடுகின்றன.

உள்ளே போய் ஒன்றே ஒன்று சொல்லலாம்:
ஏப்ரல் நான்காம் தேதி
ஆறு மணி நேரம் முழுசாய்த் தூங்கினேன்.
விழித்தபோது தலையணைத் தையல்
கன்னத்தில் பதிந்திருந்தது.
இதற்கு எந்த அட்டவணையிலும் கட்டம் கிடையாது.
இருக்கவும் கூடாது. தெரியும்.
தெரிந்தும் கை
கதவுப்பிடி வரை போய்விட்டது.

ஐந்தரைக்கு ஃபுல்வியா வெளியே வந்தாள்,
ஆறிப்போன காப்பியும் காகிதமுமாய்.
'பலர்' போய்விட்டார்கள். அந்த இடத்தில்:
பதினொருவர் விழுங்கினால் ஒருவருக்குத்
தூக்கம் சற்றுக் கூடுகிறது.
இருபத்து மூவரில் ஒருவர்
படியில் தடுமாறுகிறார்.

அந்தப் பதினோரு பேரை
பத்தாம் எண் பேருந்தில் ஏற்றிப் பார்த்தேன்.
கம்பியைப் பிடித்தபடி எல்லோரும் கொட்டாவி விட்டார்கள்.
தூங்கியவள் நானா,
மீதிப் பத்தில் ஒருத்தியா,
மாத்திரை இல்லாமலும் அந்த ஏப்ரல் நான்கு
தானாகவே வந்திருக்குமோ என்னவோ.

மருந்தைப் பற்றி நான் வாய் திறக்கக் கூடாது.
காற்புள்ளி பார்க்கலாம், தடையில்லை.
பார்த்தேன்.
மூன்றாம் பக்கத்தில் மேற்கோள் எண் பதினான்கு என்றிருந்தது.
நாற்பத்தொன்று என்றிருக்க வேண்டும்.
இலக்கம் இரண்டும் இடம் மாறிவிட்டன.
பதினான்கு, கம்பெனி காசில் நடந்த ஆய்வு.
நாற்பத்தொன்றை ஒரு மாவட்ட மருத்துவமனை
கடன் வாங்கி நடத்தியது.
இருபத்தாறு பேர் கண்ணுக்கும் தப்பிய இலக்கம்.

சுழித்தேன். ஓரத்தில் என் முதலெழுத்து, நேரம்.
துல்லியோ தாளை விளக்கருகே பிடித்து
வெகுநேரம் பார்த்தார்.
பிறகு, கோபமே இல்லாமல், கேட்டார்:
இது காற்புள்ளியா, மருந்தா?

எட்டாவது படி
இருபத்தாறு பேருக்கும் மறுபடி கிளம்பியது.