மேலே என் வீடு

ஆயர் ஈத்தாமில், பதினோராம் மாடியில் என் வீடு.
பத்தாம் மாடிச் சமையலறையில் உட்கார்ந்து
அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

திறந்து வைத்த குளியலறைக் கதவு வழியே
புவான் ரொஹானாவின் உட்கூரையில் ஒரு கறை.
போன வெசாக்கின்போது ஐம்பது காசு அளவு.
பிறகு தட்டு. பிறகு தாம்பாளம்.
இப்போது தீவுபோல் ஓரம் கிழிந்து
பக்கத்தில் இரண்டு குட்டியும் போட்டிருக்கிறது.
காலை ஏழுக்குப் படம் அனுப்பிவிடுவார்,
அளவுகோலை அருகில் பிடித்து.
கணித ஆசிரியை.

சாவி என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.
பூட்டுக்குள் சாவி போகும்.
வாசலுக்குள் நான் போகக்கூடாது.
"வேற பூட்டு மாட்டிராதீங்க, கரண்ட வெட்டிராதீங்க,
அப்புறம் அவரு உங்க மேல கேஸ் போடுவாரு அங்கிள்"
என்றார் வழக்கறிஞர் தவமலர்.
ஒப்பந்தத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.
முத்திரை இல்லை.
நூற்றுச் சொச்சம் வெள்ளி மிச்சம் பிடித்த என் சாமர்த்தியத்தை
அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

யுகேந்திரன் குடிவந்த அன்று
வாசலில் எலுமிச்சை நசுக்கி, பால் காய்ச்சி
எனக்கும் ஒரு தம்ளர் கொடுத்தான்.
இரண்டு மாத முன்பணத்தை எண்ணாமல் வாங்கினேன்.
இப்போது ஏழு மாத பாக்கி. எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
"பாத்ரூம செஞ்சு குடுங்க, வாடகை தர்றேன்" என்கிறான்,
எழுத்தில், தேதி போட்டு.

செய்து கொடுக்க வந்தவன் பூன் கியாட்.
பாதிப் பணம் முன்னால்.
பழைய ஓட்டை உடைக்க ஒரு நாள்,
சிமெண்டு மூட்டை ஏற்ற ஒரு நாள்,
மூன்றாம் நாள் ஆளைக் காணோம்.
உங்கள் ஆள் கதவைத் திறக்கவில்லை என்று போனில் இவன்.
அவன் வரவேயில்லை என்று அவன்.
என் கையில் ரசீது:
கிழித்த சிகரெட் அட்டை, பென்சிலில் தொகை,
கீழே மண்புழு நெளிந்ததுபோல் ஒரு கையெழுத்து.
தவமலர் அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்தார்.
அவ்வளவு மரியாதை அதற்கு.

பட்டர்வொர்த் துறைமுகத்தில் இருபத்தாறு வருடம்
கிரேன் ஓட்டியவன் நான்.
நாற்பதடிப் பெட்டியைத்
தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல் இறக்குவேன்.
கீழே எவன் தலை இருக்கிறது என்பது
மேலே இருப்பவன் பொறுப்பு;
இதை எனக்குச் சட்டம் வந்து சொல்ல வேண்டியதில்லை.
ஆனாலும் ரொஹானாவின் கடிதம் சட்டமாகத்தான் வந்தது:
எண்ணாயிரத்து நானூறு வெள்ளி. பதினான்கு நாள்.

அதில் கையெழுத்துப் போட்ட கையால்
தே ஓ கலக்கிறார்.
கூராங் மானிஸ், நினைவு வைத்திருக்கிறார்.
கடிதம் மேசை மேல் கிடக்கிறது.
அதன் மீது கோப்பையை வைத்துவிடாமல்
இருவரும் கவனமாக இருக்கிறோம்.

மேலே சின்னக் காலடிகள் ஓடுகின்றன.
குழாய் திறக்கும் சத்தம்.
எந்தக் குழாய் என்று எனக்குத் தெரியும்.
தள்ளுபடியில் வாங்கி நானே பூட்டியது.
யாரோ குளிக்கிறார்கள்,
பாட்டும் வருகிறது.
வாடகை தராதவனுக்கு
இவ்வளவு நல்ல குரல் இருந்திருக்க வேண்டாம்.

ரொஹானா கடிகாரத்தைப் பார்க்கிறார்.
"தீகா புலோ சாத்து."
குழாய் திறந்து முப்பத்தொன்றாவது நொடியில்
முதல் சொட்டு விழுமாம்.
பலமுறை சரிபார்த்தாராம்.
நானும் எண்ணுகிறேன், தமிழில், வாய்க்குள்.

இருபத்தெட்டில் பாட்டு நின்றது.
முப்பதில் குழாய்.

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்,
நிலா பார்க்க வந்தவர்கள்போல.

விழுந்தது.

தேதி, நேரம் இரண்டையும்
நோட்டில் குறித்துக்கொண்டார்.
பிறகு பேனாவை என் பக்கம் நீட்டினார்.
சாட்சிக்கு இன்னொரு கையெழுத்து வேண்டுமாம்.