வலமிருந்து இடமாக

கடைசி ஆளும் போனபின்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
உனக்காக அச்செடுப்பேன்.
ஆரோ ஆங்கிலத்துக்கு மாற்றிய ஜப்பான் படக்கதை.
குமிழிகளை வெள்ளை மையால் அழித்து
என் பென்சில் தமிழை அதற்குள் நெருக்குவேன்.
வலமிருந்து இடமாக வாசிக்கவேணும் என்றேன்.
"முடிவிலையிருந்து தொடங்கிறதோ?
அப்ப என்ரை கதைதான்."

இரண்டு பெட்டைகள். ஒருத்தி அமைதி.
மற்றவளின் கண்ணை முழுக்கக் கறுப்பாக்கியிருப்பார்கள்,
ஒரு வெளிச்சப் புள்ளிகூட வைக்காமல்.
அதைக் கண்டதுமே தெரிந்துவிடும்:
பதினெட்டாம் பக்கத்தில் கத்தி,
இருபத்தேழில் மொட்டைமாடி.
அமைதியானவள் வேறொருத்தியோடு ரயிலேறுவாள்.
பூ உதிரும்.

மூன்று படக்கதை முடித்தோம், ஒரு நாவல்.
நாவலில் மாடி இல்லை,
ஆறு.

புதன்கிழமை, கிளிநொச்சி ஆஸ்பத்திரி.
டொக்டர் கொப்பியில் எழுதியதை வாசித்துக் காட்டினார்:
போடர்லைன்.
"எந்தப் போடர்? ஓமந்தையோ, முகமாலையோ?"
டொக்டர் சிரிக்கவில்லை.
கதவடியில் நின்ற அற்றெண்டன் சிரித்துவிட்டு
என்னைக் கேட்டார்,
"நீங்கள் கோகுலாஞ்சினிக்கு என்ன முறை?"
மச்சாள் என்றேன்.
பொய்க்குள்ளும் ஒரு முறை இருந்தது.

முகமாலையில் விடிய ஆறரைக்கு
முழந்தாளில் இருந்து
சிவப்புத் தலைத் தடிக்கும் வெள்ளைத் தலைத் தடிக்கும் நடுவே
விரல் விரலாக மண் கிளறுவாய்.
கை ஒருநாளும் நடுங்கினதில்லையாம்,
சுப்பவைசர் சொன்னா.
அதே கைதான் பின்னேரம்
என் போன் சார்ஜில் கிடந்த அரை மணித்தியாலத்தில்
நாற்பத்தொரு தரம் அழுத்தியது.
காலையில் நான் கடவுள்.
இரவில், உன்னை விட்டுவிட்டு ஓடப்போகும் நாய்.
இரண்டையும் நம்பினேன்.
என்னுடைய அந்த வருத்தத்துக்கு
ஒருவரும் கொப்பி போடவில்லை.

ஒருமுறை உன்னைக் கண்ணிவெடி என்று எழுதினேன்.
வாசித்தாய். சோறு ஆறும்வரை பேசவில்லை.
"நான் அதுகளைத் தூக்கிறனான், கேள்.
அதுக்கு ஆர் வந்தாலும் ஒண்டுதான்.
அது ஒருத்தரையும்
நாளைக்கும் வருவியோ எண்டு கேக்காது."
வெட்டினேன்.
இங்கே மறுபடி எழுதியது, வெட்டிய கோடு தெரியவேண்டும் என்று.

ஒரேயொரு பக்கத்தில் பிழை இல்லை.
அவள் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு
நிலத்தில் படுத்திருக்கிறாள்.
ஆறு கட்டம், ஆறிலும் அதே படம்,
ஜன்னல் வெளிச்சம் மட்டும் சுவரில் நகர்கிறது.
குமிழி இல்லை.
நான் தமிழாக்க ஒரு சொல்லும் இல்லை.
கீறினவளுக்குத் தெரிந்திருக்கிறது.
தெரிந்தும் ஏன் அடுத்த தாளில் கத்தியைக் கொடுத்தாள்
என்று இருவரும் சண்டை பிடித்தோம்,
ஏதோ அவள் பக்கத்து வளவில் இருப்பவள் போல.
அந்தத் தாளை நாலாக மடித்து
கிளினிக் கொப்பிக்குள் வைத்திருக்கிறாய்.

ஒற்றைப் பக்க அச்சு.
கடைசித் தாளின் முதுகு வெறுமை.
நேற்று அதில் அடிமட்டம் வைத்துக் கட்டம் போட்டாய்.
"இவள் மாடியாலை இறங்கி வாறாள்."
படி கீற வரவில்லை, ஏணி கீறினாய்.
அடுத்த கட்டத்தில் பல்லு விளக்குகிறாள்.
அதற்கடுத்ததில் நம்பர்த் துண்டோடு வாங்கில்,
நாற்பத்துநாலு.
கண்ணில் புள்ளி வைத்தாய்,
ஒன்றில் மட்டும். மற்றது பிசகிவிட்டது.
"பிறகும் கத்துவாள். அதை எடுத்துப்போடாதை."

மற்றவள் எங்கே என்று கேட்டேன்.

பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாய்.
கரண்ட் போனது.
இருட்டுக்குள் தாளில் ஏதோ ஓடும் சத்தம்.
எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாய் என்று
எனக்குத் தெரியவில்லை.