மூன்றாம் இரவுப் பதிவு

எண்ணெய் வைக்காதீர்கள் என்று
போனில் இரண்டு தடவை சொல்லியிருந்தேன்.
தங்கபுஷ்பம் அக்கா வைத்திருந்தாள்.
"தல காஞ்சா எனக்கு ஒறக்கம் வராதும்மா."

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து வகிடு வகிடாகத் துடைத்தேன்.
புருவ நடுவிலிருந்து பிடரி மேடு வரை நாடா பிடித்து
பத்தில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு
சிவப்புப் பென்சிலால் புள்ளி.
புள்ளிமேல் பல்லி முட்டையளவு பசை.
பசைமேல் வெள்ளிக் கிண்ணம்.
இருபத்தொரு வயர்.
நெஞ்சில் மூன்று, உள்ளங்கையில் இரண்டு.
"கொடைக்குச் சட பின்னுத மாதிரில்லா இருக்கு"
கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்துக்கொண்டாள்.

பழவூருக்கு மேற்கே
அவள் பலசரக்குக் கடையின் பின்சுவரை ஒட்டினாற்போல் காற்றாலை.
ஆனியில் கணவாய்க் காற்று இறங்கிவிட்டால்
இறக்கை ஒவ்வொன்றும் தூணைத் தாண்டுகையில் ஒரு
ஊஃப்.
தாண்டுகையில் ஒரு
ஊஃப்.

படிவத்தில் ஏழாவது கேள்வி:
சத்தத்தால் உறக்கம் கெடுகிறதா?
"எந்தச் சத்தம்?" என்றாள்.
இல்லை என்று எழுதினேன்.

முதல் இரவு வீண்.
அந்த இறக்கை கடைந்த மின்சாரம்தானோ என்னவோ
ஊர் சுற்றிவிட்டு சுவிட்ச் பெட்டி வழியே வந்து
வரிக்கு வரி மரவட்டைக் கால்களாக முளைத்தது.
பிரிட்ஜை அணைக்கச் சொன்னேன்.
"பால் திரிஞ்சா நீ குடுப்பியா?"

இரண்டாம் இரவு உறங்கினாள்.
ஒரு ஊஃபுக்கு ஒன்றுமே தெரியாது.
ஆயிரத்து இருநூறு ஊஃபுகளை அடுக்கி
கூட்டி வகுத்தால்
தண்ணீர் வற்றிய பாத்தியில் உப்பு போல
அடியில் ஒரு சிறு மேடு.
எந்தச் சத்தம் என்று கேட்டவள்
காதுக்கு நாலு விரல் மேலே
ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள்.

மூன்றாம் இரவு, இரண்டு நாற்பத்து மூன்று.
மின்வாரியம் போதும் என்றிருக்க வேண்டும்.
பிரேக் பிடித்தார்கள்.
ஊஃப்.
கொஞ்சம் பொறுத்து, ஊஃப்.
இன்னும் பொறுத்து
ஊ
அடுத்தது வரவேண்டிய இடத்தில் எதுவும் வரவில்லை.

அங்கே எழுந்தது அலை.
கூட்ட வேண்டாம், வகுக்க வேண்டாம்.
திரையின் மேல்விளிம்பில் முட்டி விழுந்தது.
இதயம் ஒரு துடிப்பு தயங்கி
அறுபத்தொன்றிலிருந்து தொண்ணூறுக்கு ஓடியது.
உள்ளங்கை வேர்த்தது.
வயரெல்லாம் இழுபட எழுந்து உட்கார்ந்தாள்.
"யாரு எந்திச்சுப் போறது?"

பிளாஸ்டிக் ஸ்டூலில் நான் மட்டும்.
"யாருமில்லக்கா."
"நட தொறந்து கெடக்கா?"
"சாத்தித்தான் இருக்கு."
நாலேகால் வரை கண்ணை மூடிக்கொண்டு
விழித்திருந்தாள்.
வரைபடத்தில் பொய் நிற்காது.

விழிப்புக்குக் காரணம் எழுத ஒரு கட்டம்:
இருமல், சிறுநீர், இரைச்சல், பிற.
பேனாவை இரைச்சல்மேல் வைத்து எடுத்தேன்.
பிறகு ஓரத்தில் எழுதினேன்:
இரைச்சல் இல்லை.

பாளையங்கோட்டையிலிருந்து டாக்டர் கூப்பிட்டார்.
"இரைச்சல் காரணமில்லைங்கிறியா,
இரைச்சல் இல்லாததுதான் காரணம்ங்கிறியா?
தெளிவா எழுதும்மா."
ஆமாம் சார் என்றேன், எதற்கென்று தெரியாமல்.

விடிந்ததும் கிண்ணங்களைக் கழற்றினேன்.
"ராத்திரி எப்படிக்கா?"
"என்னத்த. கட்டையா கெடந்தேன்."

மேற்கே பிரேக்கை விட்டிருந்தார்கள்.
கடைச் சரத்திலிருந்து ஷாம்பு பாக்கெட் ஒன்றைப் பிய்த்தாள்,
முடியெல்லாம் வெள்ளைப் பசை.
பிய்த்த கையோடு கணக்கு நோட்டைத் திறந்து
என் பேரைக் கேட்டு, ஜெபசீலி என்று எழுத்துக்கூட்டி,
நேரே போட்டாள்:
ரூ. 2.