வினைச்சொல் கடைசியில்

ஒரகடம் ஷிஃப்ட் பஸ் படப்பையில் நிற்கிறது.
முன்னால் கன்டெய்னர் லாரி கவிழ்ந்திருக்கிறதாம்.
எனக்கு நல்லதுதான்:
சனிக்கிழமை வாய்மொழித் தேர்வு,
ஹிமேஜி கோட்டை பற்றி
ஐந்து நிமிடம் திக்காமல் பேச வேண்டும்.

மடியில் ஜெராக்ஸ்.
கோட்டைக்கு வெள்ளைக் கொக்கு என்று பெயர்.
பள்ளிக்கரணையில் நிற்குமே, அதுபோல.
இது நானூறு வருடமாக ஒரே காலில்.

மதிலில் ஓட்டைகள்: வட்டம், முக்கோணம், சதுரம்.
துப்பாக்கிக்கும் அம்புக்கும்.
"என் பையன் எல்கேஜி புக் மாதிரி இருக்கு"
என்கிறாள் பக்கத்து சீட் ஃபெலிசியா.

வாசலுக்குள் வாசல். திரும்பினால் சுவர்.
ஏறுகிறோம் என்று நினைக்கும் வழி இறங்குகிறது.
பகைவனைக் குழப்பக் கட்டியது.
கத்திப்பாரா, என்று ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

கல் போதாதபோது ஒருத்தி
தன் திரிகையைத் தூக்கிக் கொடுத்தாளாம்.
மறுநாள் எதில் அரைத்தாள்
என்பது பாடத்தில் இல்லை.

பிறகு பிரபுக்களின் காலம் போய்
கோட்டை ஏலத்துக்கு வந்ததாம்.
இருபத்து மூன்று யென், சில்லறை.
எடுத்தவனுக்கு ஓடுகள் வேண்டியிருந்தன;
இடிக்கிற கூலி கட்டுப்படியாகாமல்
விட்டுவிட்டுப் போனானாம்.

லைன் நின்றுபோன ஒரு மதியம் ஹயாமி சான் கேட்டார்,
உங்கள் ஊரில் கோட்டை உண்டா?
உண்டு. அகழி இருக்கிறது, கொத்தளம் இருக்கிறது,
உள்ளே ஃபைல்கள்.
ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பிடிப்பார்கள், என்றேன்.
கவலையோடு தலையசைத்தார்.

இன்னொன்றைச் சொல்லவில்லை.
நாற்பத்திரண்டில், உங்களவர்கள் வருகிறார்கள் என்று
இந்த ஊர் விளக்கணைத்து
மூட்டை கட்டி ஓடியது.

கடைசிப் பத்தி. நாற்பத்தைந்து, ஜூலை.
கொக்கின்மேல் கறுப்பு வலை போர்த்தியிருக்கிறார்கள்.
சுற்றிலும் ஊர் எரிகிறது.
உச்சி மாடத்தில் ஒரு குண்டு
விழுந்து

பஸ் குலுங்கிக் கிளம்ப
காகிதம் நழுவிப் போனது.

அந்த மொழியும் நம்முடையது மாதிரிதான்.
எல்லாவற்றையும் சொல்லிவிட்டு
வினை கடைசியில் வரும்.
வினைக்கும் கடைசியில்தான் தெரியும்
உண்டா, இல்லையா.

ஃபெலிசியா குனிந்து தேடுகிறாள்
யாருடைய டிபன் பைக்கு அடியிலோ.
கோட்டை நிற்கிறது என்பது எனக்குத் தெரியும்,
காலண்டரில் பார்த்திருக்கிறேன்.
இருந்தும் கை சீட்டுக் கம்பியை இறுக்கியிருக்கிறது.

தட்டிக் கொடுக்கிறாள்.
ஷூ தடத்துக்குக் கீழே, மங்கலாக,
நகத்தா.

வெடிக்க
வில்லை.